போலீஸ் ஸ்டேஷன் கவுண்டரில் நிற்பவர்களுக்கு: எங்கள் ஊரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் தெற்குப் பக்கம் ஒரு தோட்டப்புறச் சிற்றூர் எங்களுடையது. ஒரே தெரு, இரண்டு வரிசைக் கடைகள், ஒரு தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோவில், சுற்றிலும் செம்பனை (எண்ணெய்ப் பனை). நான் தோட்டத்து ஆபீசில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்து ஓய்வு பெற்றவன். வக்கீல் இல்லை. மலாயில் கடிதம் எழுத வரும் என்பதால், சாயங்காலம் ஆனால் யாராவது ஒருவர் கையில் கசங்கிய தாளோடு வீட்டு வாசலில் நிற்பார். பத்துக்கு ஆறு பேர் கொண்டுவருவது போலீஸ் விவகாரம்தான். கேள்விகளும் திரும்பத் திரும்ப அதேதான், அதனால் எழுதி வைத்துவிட்டேன். நாளைக்கும் அதே கவுண்டரில் போய் நிற்க வேண்டியவர்கள் இந்த ஊர் ஜனங்கள்தான் என்பதால் ஸ்டேஷன் பெயரையும் ஆட்கள் பெயரையும் போடவில்லை.

“இது எங்க ஏரியா இல்ல, அங்க போய்க் கொடு” என்று திருப்பி அனுப்புகிறார்கள். போய்த்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மலேசியாவில் எந்த மூலையில் நடந்த குற்றமானாலும் அதைப் பற்றிய தகவலை வாங்கிக்கொள்வது போலீஸ்காரரின் கடமை என்று அது சொல்கிறது. வாங்கிய ரிப்போர்ட்டை உரிய இடத்துக்கு அனுப்புவது அவர்கள் பாடு. உங்களை மோட்டாரில் பதினான்கு கிலோமீட்டர் அலைய விடுவதற்குச் சட்டத்தில் இடமில்லை.

அந்தப் பிரிவில் இன்னொரு வரியும் உண்டு. அதை யாரும் கவனிப்பதில்லை. நீங்கள் வாயால் சொன்னதை எழுதிய பிறகு உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் கையெழுத்து.

இதன் அருமை என் மைத்துனர் விஷயத்தில்தான் எனக்கே தெரிந்தது. அவர் குலை வெட்டுகிறவர். கோவில் திருவிழா ராத்திரி, திடல் வேலியில் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருந்த அவருடைய ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள் காணாமல் போனது. வெட்டப்பட்ட சங்கிலி தரையில் கிடந்தது. அதையும் கையிலெடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். முதலில் ஏரியா இல்லை என்றார்கள். கெஞ்சிய பிறகு ஒருவர் உட்கார்ந்து இரண்டு விரலால் தட்டினார். மைத்துனர் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டார், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். இரண்டு மாதம் கழித்து அந்தத் தாளை நான் வாங்கிப் பார்த்தால் “மோட்டோசிக்கால் சாயா தெலா ஹிலாங்” என்று இருக்கிறது. அதாவது, மோட்டார் தொலைந்துவிட்டது. திருட்டு என்பதற்கு “டிச்சூரி” என்று இருக்க வேண்டும். சங்கிலியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. தொலைந்த பொருளுக்கு எதற்கு விசாரணை? ஒரு சொல்லால் ஒரு திருட்டே இல்லாமல் போய்விட்டது.

தெரியாமல் அப்படி எழுதினாரா, தெரிந்தே வேலையைக் குறைத்துக்கொண்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முதல் ரிப்போர்ட்டின் எண்ணைக் குறிப்பிட்டு இரண்டாவதாக ஒரு ரிப்போர்ட் கொடுத்துச் சரிசெய்தோம். ஆகவே கண்ணாடியை எடுத்துக்கொண்டு போங்கள். மலாய் வாசிக்கத் தடுமாறுபவர்கள் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பிள்ளை ஒன்றையாவது கூட்டிக்கொண்டு போங்கள். ரிப்போர்ட் எண் போட்ட நகல் கையில் வராமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

ரிப்போர்ட் கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. கேட்டால் “இன்னும் சியாசாத்” என்கிறார்கள். என்ன செய்வது?

“இன்னும் விசாரணை நடக்கிறது” என்பது பதிலே இல்லை. அதே சட்டத்தின் 107ஏ பிரிவு உங்களுக்காகவே போடப்பட்டது. ரிப்போர்ட் கொடுத்து நான்கு வாரம் கழிந்த பிறகு, விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று ஸ்டேஷன் தலைவரிடம் எழுதிக் கேட்கலாம். கடிதம் போய்ச் சேர்ந்த இரண்டு வாரத்துக்குள் அவர் நிலவர அறிக்கை தர வேண்டும். வாரண்டு இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றமாக இருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. திருட்டு, கொள்ளை, வீடு புகுதல் எல்லாம் அதில் சேரும். விசாரணையைக் கெடுக்கும் விவரங்களை அவர்கள் சொல்ல வேண்டியதில்லை, அது நியாயம்தான்.

இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் அரசு தலைமை வழக்கறிஞருக்கு, அதாவது புத்ராஜெயாவில் இருக்கும் சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்துக்கு எழுதலாம். அவர் மாவட்டப் போலீஸ் தலைவரிடமே விளக்கம் கேட்பார். இந்தப் படி இருக்கிறது என்பது ஸ்டேஷனில் எல்லோருக்கும் தெரியும். நமக்குத்தான் தெரியாது.

கடிதம் ஒரு பக்கம் போதும். ரிப்போர்ட் எண், தேதி, உங்கள் அடையாள அட்டை எண், அப்புறம் “செக்‌ஷன் 107ஏ, கானுன் தாத்தாச்சாரா ஜெனாயா”வின் கீழ் நிலவரம் கேட்கிறேன் என்று ஒரு வரி. கஷ்டங்களை அதில் கொட்ட வேண்டாம். இரண்டு நகல் எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் “தெரிமா” (பெற்றுக்கொண்டோம்) என்று சாப், அதாவது முத்திரை, குத்தி வாங்குங்கள். சாப் குத்த மறுத்தால் சண்டை போடாமல் நேரே போஸ்ட் ஆபீசுக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்தத் துண்டுச் சீட்டு பத்திரம்.

லயத்து அக்கா ஒருவர் வீட்டில் நகை திருட்டு. ஐந்து மாதமாக ஸ்டேஷனுக்கு நடந்தும் ஐஓ (விசாரணை அதிகாரி) பெயரைக்கூட அவருக்குச் சொல்லவில்லை. கடிதம் போன ஒன்பதாம் நாள் ஐஓவே போன் பண்ணினார். நகை கிடைத்ததா என்றால், இல்லை. ஆனால் “யாருக்கும்மா தெரியும்” என்று கவுண்டரில் சொன்னவர்கள் அடுத்த முறை நாற்காலி போட்டார்கள்.

“இது போலீஸ் கேஸ் இல்லை, மாஜிஸ்திரேட்டைப் பாருங்கள்” என்றால் ஏமாற்றுகிறார்களா?

எல்லா நேரமும் இல்லை. சாதாரண அடிதடி, மிரட்டல் போன்ற சில குற்றங்கள் வாரண்டு இல்லாமல் கைது செய்ய முடியாத வகை. அவற்றை விசாரிக்க அரசு வழக்கறிஞரின் உத்தரவு வேண்டும். அதனால் மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்வது சில சமயம் சட்டப்படி சரியான பதில். நீங்களே நேரில் மாஜிஸ்திரேட்டிடம் புகார் சொல்லவும் சட்டத்தில் வழி உண்டு.

ஆனால் புருஷன் அடித்தான் என்று போகும் பெண்ணிடம் இதையே சொன்னால் அது தவறு. 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தைத் திருத்தி, அந்த வகைக் குற்றங்களை வாரண்டு இல்லாமல் கைது செய்யக்கூடியவை ஆக்கி வருடக்கணக்காகிறது. “குடும்பச் சண்டைம்மா, வீட்டுக்குப் போய்ப் பேசித் தீர்த்துக்குங்க” என்று நம்மவர் ஒருவரே தமிழில் சொல்லி அனுப்பியதைக் கேட்டிருக்கிறேன். தமிழில் சொன்னதால் அது ஆறுதல் மாதிரி இருந்தது என்றார் அந்தப் பெண். மறுவாரம் கை முறிந்து வந்தார். அப்படிச் சொல்லி அனுப்பினால் நேராக அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள், அடிபட்டதை டாக்டரிடம் பதிய வையுங்கள், பிறகு வேறொரு ஸ்டேஷனில் ரிப்போர்ட் கொடுங்கள்.

பையனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே என்றே சொல்லவில்லை!

இந்தக் கேள்வி ராத்திரி பதினோரு மணிக்குத்தான் வரும். முதலில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள்.

கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவின்படி, கேள்வி கேட்கத் தொடங்குவதற்கு முன்பே, வீட்டாருக்கோ நண்பருக்கோ எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சொல்லவும் வக்கீலைத் தொடர்புகொள்ளவும் அவனுக்கு உரிமை உண்டு. மறுப்பதற்கும் சில காரணங்கள் சட்டத்தில் இருக்கின்றன. கூட்டாளி தப்பிவிடுவான் என்பது அதில் ஒன்று. ஆனால் அதை டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி காரணம் எழுதி முடிவு செய்ய வேண்டும். கவுண்டரில் நிற்கும் கோப்பரல் முடிவு செய்கிற விஷயமில்லை.

இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆம் விதியே அப்படிச் சொல்கிறது. 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றம் என்றால் முதலில் அதிகம் போனால் 4 நாள், மறுபடி கேட்டால் 3 நாள். 14 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ளது என்றால் 7 நாள், பிறகு இன்னொரு 7 நாள். “ரெண்டு வாரம் உள்ளதான்” என்று யாராவது கை வீசிச் சொன்னால் எந்தப் பிரிவில் பிடித்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் எண்ணிக்கை சுருங்கிவிடும்.

அந்த ரிமாண்டு காலையில் கோர்ட்டில் போய் நில்லுங்கள். வக்கீலுக்குக் காசு இல்லை என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். 2012இலிருந்து தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது, கைது, ரிமாண்டு நிலையில் குடிமக்களுக்கு இலவசமாக வக்கீல் தருகிறார்கள். அடித்திருந்தால் அதை மாஜிஸ்திரேட்டிடம் அங்கேயே, வாய்விட்டு, சொல்லச் சொல்லுங்கள். பையன் பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி பெற்றோருக்கு உடனே தெரிவித்தாக வேண்டும். பிறப்புச் சூராவை (பிறப்புச் சான்றிதழை) எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

மாஜிஸ்திரேட்டிடம் சொன்னால் மட்டும் நடந்துவிடுமா என்று கேட்பீர்கள். 2017 பிப்ரவரியில் கிள்ளானில் எஸ். பாலமுருகனை ரிமாண்டுக்குக் கொண்டுவந்தபோது அவர் இருந்த நிலையைப் பார்த்து மாஜிஸ்திரேட் ரிமாண்டு தர மறுத்தார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். போலீஸ் திரும்ப ஸ்டேஷனுக்கே கொண்டுபோனது. அன்றிரவு அவர் அங்கேயே இறந்தார். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. விடுதலை உத்தரவு வந்துவிட்டது என்று கோர்ட் வாசலிலிருந்து வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள், பையன் உங்கள் கண் முன்னால் வெளியே வரும்வரை அங்கேயே இருங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சாதாரண உடுப்பில் வந்து போலீஸ் என்கிறார்கள். எப்படி நம்புவது?

“கார்டு குவாசா”, அதாவது அதிகார அட்டை, கேளுங்கள். நீலம் என்றால் இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும். மஞ்சள் என்றால் இன்ஸ்பெக்டருக்குக் கீழே. வெள்ளை, ரிசர்வ் போலீஸ். சிவப்பு என்றால் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டவர், உங்களை ஒன்றும் செய்ய அவருக்கு அதிகாரமில்லை. பெயரையும் எண்ணையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாலும் சரி.

போனில் கூப்பிட்டு “ஸ்டேட்மென்ட் கொடுக்க வா” என்கிறார்கள். போக வேண்டுமா?

எழுத்தில் உத்தரவு கேளுங்கள், 111ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. வந்தால் போங்கள், தனியாகப் போகாதீர்கள். உங்களையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம்.

தோட்டத்து ஜாகா (காவல்காரன்) பிடித்து அடித்துவிட்டான். அது போலீஸ் அடித்த கணக்கா?

இல்லை. எங்கள் பக்கம் இது அதிகம், காரணம் உதிரிப் பழம். மரத்தடியில் சிதறிக் கிடக்கும் செம்பனைப் பழத்தைக் கோணியில் பொறுக்கி விற்றால் கொஞ்சம் காசு வரும். விலை ஏறினால் பொறுக்குகிறவர்களும் கூடுவார்கள், ஜாகாவின் கோபமும் கூடும். அது திருட்டுத்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஜாகா சாதாரண ஆள். கண் முன்னால் கடும் குற்றம் நடந்தால் தனியார் ஒருவரும் பிடிக்கலாம் என்று 27ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பிடித்தவுடன் தாமதமில்லாமல் போலீசில் ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்டோர் ரூமில் கட்டி வைத்து ரப்பர் குழாயால் அடிக்க எந்தப் பிரிவும் இல்லை. அடித்தவன் மேல் தனியாக ரிப்போர்ட் கொடுங்கள். “நீ திருடினவன்தானே” என்று கவுண்டரில் சிரித்தால், இரண்டும் இரண்டு கேஸ் என்று சொல்லுங்கள்.

ஜாகா வேறு, போலீஸ் பந்துவான் வேறு. துணைப் போலீஸ் என்பது 1967ஆம் ஆண்டின் போலீஸ் சட்டத்தின் கீழ் நியமிக்கப்பட்டவர்கள். சில பெரிய தோட்டங்களில் இருக்கிறார்கள். உடுப்பைப் பார்த்துக் குழம்பாமல் கார்டைப் பாருங்கள்.

ரோட்டில் நிறுத்தி “எப்படிச் செட்டில் பண்ணலாம்?” என்கிறார்கள். ஐம்பது வெள்ளியோடு முடிந்துவிடுமே?

முடியாது. அடுத்த வாரம் அதே வளைவில் அதே மோட்டாருக்காக நிற்பார்கள். கொடுப்பதும் குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. 2009ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி, உங்களிடம் லஞ்சம் கேட்டதை நீங்கள் தெரிவிக்காமல் இருப்பதும் தவறு. “சமன் எழுதுங்க டுவான்” (அபராதச் சீட்டு எழுதுங்கள் ஐயா) என்று சொல்லிவிட்டு நில்லுங்கள். பாதிப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். சமனும் எழுதாமல் விடவும் மாட்டேன் என்றால் ஊழல் தடுப்பு ஆணையத்துக்கு 1-800-88-6000 எண்ணில் சொல்லலாம்.

நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் இல்லை, ரோட் டாக்ஸ் செத்து ஒரு வருடம், தலையில் கவசம் இல்லை, இப்படிப் போகிறவன்தான் முதலில் பாக்கெட்டில் கை விடுகிறான். தோட்டத்திலிருந்து டவுனுக்கு வர பஸ் இல்லை, மோட்டாரை விட்டால் வழி இல்லை, அதுவும் உண்மை. இருந்தாலும் காப்பிக் காசு கேட்பவனுக்குக் கடையைத் திறந்து வைப்பது நாம்தான்.

போலீஸ் மேல் புகாரைப் போலீசிடமே கொடுத்தால் என்ன பிரயோஜனம்?

நியாயமான கேள்வி. அதனால்தான் இடங்களைப் பிரித்துச் சொல்கிறேன்.

புக்கிட் அமானில், அதாவது போலீஸ் தலைமையகத்தில், ஜிப்ஸ் என்று சொல்லும் நேர்மை, தர இணக்கத் துறை இருக்கிறது. 2014இல் வந்தது. கவுண்டரில் மரியாதைக் குறைவு, ரிப்போர்ட் வாங்க மறுத்தது, ஐஓ பதில் தராதது போன்றவற்றுக்கு இங்கே எழுதலாம். உள்வீட்டு விசாரணைதான். ஆனால் இடமாற்றமோ எச்சரிக்கையோ வேண்டுமென்றால் உள்வீட்டில்தான் வேகமாக நடக்கும் என்பது என் அனுபவம்.

அடுத்தது ஐபிசிசி, சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையம். இதன் கதை பெரிது, கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். 2004இல் முன்னாள் தலைமை நீதிபதி முகமட் ஜைடின் அப்துல்லா தலைமையில் போலீஸ் படையை ஆராய ஓர் அரச விசாரணை ஆணையம் அமைத்தார்கள். அது 2005இல் 125 பரிந்துரைகளைக் கொடுத்தது. அதில் தலையாயது ஐபிசிஎம்சி, அதாவது போலீஸ்காரர் தப்புச் செய்தால் விசாரித்துத் தண்டனையும் கொடுக்கக்கூடிய வெளி ஆணையம். அது வரவே இல்லை. அதற்குப் பதில் எல்லா அமலாக்கத் துறைக்கும் சேர்த்து இஏஐசி என்று ஒன்று வந்தது, 2011இல் வேலையைத் தொடங்கியது. 2019இல் ஐபிசிஎம்சி மசோதா நாடாளுமன்றம் வரை போய், அரசாங்கம் மாறியதும் காணாமல் போனது. கடைசியில் 2022இல் நிறைவேறி 2023 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்ததுதான் இந்த ஐபிசிசி. பெயரில் ஓர் எழுத்துக் குறைந்தது, பல்லிலும் குறைந்தது.

ஏன் என்றால், ஐபிசிசி விசாரிக்கலாம், தண்டிக்க முடியாது. கண்டுபிடித்ததைப் போலீஸ் படை ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த ஆணையத்துக்குத் தலைவர், போலீஸ் படைக்குப் பொறுப்பான அமைச்சர். தேசியப் போலீஸ் படைத் தலைவரும் அதில் உறுப்பினர். அரசியலமைப்பின் 140ஆம் விதியில் அப்படித்தான் இருக்கிறது. போலீஸ் தலைவரின் நிலையான உத்தரவுகளுக்கு உட்பட்ட காரியங்களில் ஐபிசிசி தலையிட முடியாது. சட்டம் நிறைவேறியபோது, லோக்காப்பை (போலீஸ் காவலறையை) பார்க்கப் போவதற்கும் முன்கூட்டித் தகவல் சொல்ல வேண்டும் என்று இருந்தது. மாமியார் வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் போனால் எல்லாம் கூட்டிப் பெருக்கித்தான் இருக்கும்.

பிறகு ஏன் எழுதச் சொல்கிறேன்? அங்கே உங்கள் புகார் ஒரு கோப்பாகிறது. ஒரே ஆள் மேல் மூன்று ஊரிலிருந்து மூன்று கோப்பு சேர்ந்தால் அது வேறு எடை. வெறும் பேச்சாக இருந்தால் மூவாயிரம் பேர் பேசினாலும் எடை இல்லை.

லோக்காப்பில் அடி, இனத்தைச் சொல்லித் திட்டு, சிகிச்சை மறுப்பு போன்றவற்றுக்கு மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். காசு சம்பந்தப்பட்டது என்றால் ஊழல் தடுப்பு ஆணையம் மட்டும் போதும். ஒரே கடிதத்தைப் பிரதமர் தொடங்கிப் பதினைந்து இடத்துக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள்.

எதற்கு இவ்வளவு தாள்? கட்சிக் கிளைத் தலைவரிடம் சொன்னால் ஒரு போனில் முடித்துவிடுவாரே?

முடித்துவிடுவார், உண்மைதான். எனக்குப் பிடிக்காததும் அதுதான். மூன்று தலைமுறையாக நமக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். தோட்டத்தில் துரைக்கும் நமக்கும் நடுவே கங்காணி, பிறகு மண்டோர், பிறகு யூனியன்காரர், இப்போது கட்சித் தலைவர். யாராவது ஒருவர் உள்ளே போய் நமக்காகப் பேச வேண்டும், நாம் வெளியே செருப்போடு நிற்க வேண்டும்.

அவர் போன் பண்ணினால் பையனை விட்டுவிடுவார்கள். ஆனால் ஏன் பிடித்தார்கள், யார் அடித்தார்கள் என்று எங்கும் எழுதப்படாது. அடித்தவருக்கும் அது வசதி, தலைவருக்கும் ஒரு விசுவாசி கிடைத்தார். அடுத்த மாதம் இன்னொரு வீட்டுப் பையன். கோவில் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒருவர் எழுந்து, “அண்ணே, உங்க கடிதம் ஒன்பது நாள், தலைவர் போன் ஒன்பது நிமிஷம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. பையன் உள்ளே இருக்கும்போது போனைத்தான் எடுப்பீர்கள், எடுங்கள். வெளியே வந்த பிறகாவது என்னிடம் வாருங்கள், எழுதுவோம்.

புகார் கொடுத்தால் பழிவாங்க மாட்டார்களா?

மாட்டார்கள் என்று சொல்ல என்னால் முடியாது. எங்கள் ஊரில் ஒரு கடைக்காரர் புகார் எழுதிய மாதத்தில் அவர் கடை முன்னால் மட்டும் பார்க்கிங் சமன் மழையாகப் பெய்தது. தற்செயலாகவும் இருக்கலாம். நான் சொல்வது இரண்டுதான். தனியாக எழுதாதீர்கள், ஒரே ஆளால் பாதிக்கப்பட்டவர்கள் நான்கு பேர் தனித்தனிக் கடிதமாக ஒரே வாரத்தில் எழுதுங்கள். அப்புறம், எழுதுவது முழுவதும் உண்மையாக இருக்கட்டும். கோபத்தில் ஒரு அறையைப் பத்து அறை ஆக்கினால், பொய்த் தகவல் என்று தண்டனைச் சட்டத்தின் 182ஆம் பிரிவு உங்கள் மேலேயே திரும்பும்.

வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டால்?

எடுங்கள், தள்ளி நின்று எடுங்கள், வேலையைத் தடுத்தார் என்று சொல்ல இடம் கொடுக்காதீர்கள். போடுவதற்கு அவசரப்பட வேண்டாம். வெட்டாத முழு வீடியோவை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்திப் புகாரோடு சேருங்கள். ஃபேஸ்புக்கில் மூன்று நாள் கொதிக்கும், நாலாம் நாள் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

வழக்குப் போட்டால் ஜெயிக்க முடியுமா?

ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் தடுப்புக் காவலில் இறந்த ஏ. குகனின் தாயார் போட்ட வழக்கில், 2013இல் உயர் நீதிமன்றம் போலீசும் அரசாங்கமும் பொறுப்பு என்று சொல்லி 801,700 வெள்ளி இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. மகன் இறந்ததிலிருந்து அந்தத் தீர்ப்பு வர நான்கு வருடம் ஆனது. காவலில் ஒருவர் இறந்தால் மரண விசாரணை நடத்துவது சட்டப்படி கட்டாயம் என்பதையும் நினைவில் வையுங்கள். குடும்பம் அதில் வக்கீல் வைத்துக்கொள்ளலாம்.

காலக்கெடுதான் முக்கியம். அரசு ஊழியர்மேல் வழக்கென்றால் சம்பவம் நடந்து 36 மாதத்துக்குள் போட வேண்டும். நாலாவது வருடம் கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தால் நான் காப்பி மட்டும்தான் கொடுக்க முடியும்.

கோர்ட் உத்தரவே கிடைத்தாலும் அதோடு கதை முடியாது. ஈப்போ இந்திரா காந்தியின் கைக்குழந்தையை 2009இல் முன்னாள் கணவர் தூக்கிக்கொண்டு போனார். அவரைப் பிடிக்கச் சொல்லிப் போலீஸ் படைத் தலைவருக்கே கூட்டரசு நீதிமன்றம் 2016 ஏப்ரலில் உத்தரவு போட்டது. அதற்குப் பிறகும் அந்தத் தாய் வருடக்கணக்கில் காத்திருந்தார். நம் ஊர்ப் பெண்கள் யாராவது “கோர்ட்டே சொல்லிடுச்சுல்ல” என்று நிம்மதியாகச் சொன்னால் எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வரும்.

எல்லாப் போலீஸ்காரரும் அப்படித்தானா?

இல்லையே. என் மைத்துனரின் இரண்டாவது ரிப்போர்ட்டை எழுதிய சார்ஜன் வயதானவர், மலாய்க்காரர். ஒவ்வொரு வரியையும் வாசித்து, “பெத்தூல்கா, பச்சிக்?” (சரிதானா, ஐயா?) என்று கேட்டுக் கேட்டு எழுதினார். வெட்டிய சங்கிலியின் நீளத்தைக்கூட அளந்து போட்டார். இருக்கிற சட்டத்தைச் செய்தாலே போதும் என்பதை அன்று அவரிடம் பார்த்தேன். ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

உங்களை எப்போது வந்து பார்க்கலாம்?

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல். வெள்ளிக்கிழமை வேண்டாம், கோவிலில் இருப்பேன். அடையாள அட்டை, ரிப்போர்ட் நகல், ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் அது, எந்தத் தேதி எத்தனை மணிக்கு யாரிடம் பேசினீர்கள் என்று எழுதிய தாள், இவற்றைக் கொண்டுவாருங்கள். தாள் எழுத நான் காசு வாங்குவதில்லை, தபால் செலவு உங்களுடையது. ரிப்போர்ட் நகல் இல்லாமல் வந்தால் யாராக இருந்தாலும் முதலில் ஸ்டேஷனுக்குத்தான் திருப்பி அனுப்புவேன்.